படத்தின் இடது ஓரம்

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் வாய் திறப்பதே கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான். அதில் எனக்கு ஒருநாளும் வருத்தமில்லை. நேரே போய், முதலையைத் தாண்டி வலது பக்கம் என்று சொல்லுவேன். பாடம் செய்த முதலை அது. பின்னங்கால் ஒன்று கிடையாது. எனக்கு முன்னாலிருந்த காப்பாட்சியர் காலத்தில் எலி தின்றுவிட்டது. எலி முதலையைத் தின்ற ஒரே ஊர் நம்முடையதுதான் என்று பணியாளர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள், மேடம். அதனால்தான் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த அம்மா என்னிடம் முதலில் கேட்டது கழிப்பறையை அல்ல. ஆனால் அதற்கு வருவதற்கு முன்னால் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பலகையில் 'நகர அருங்காட்சியகம்' என்று பெரிதாக எழுதியிருந்தாலும், ஆரம்பத்தில் அது ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி சேர்த்து வைத்திருந்த கைத்தடிகள்தான். அவர் இறந்ததும் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கைத்தடிகளை நகராட்சியின் தலையில் கட்டினார்கள். வைக்க ஓரிடம் வேண்டுமே என்று பழைய சுங்கக் கட்டடத்தை ஒதுக்கினார்கள். அதன் பிறகு யார் வீட்டில் எது அடைசலாகக் கிடந்ததோ அதெல்லாம் எங்களிடம் வந்தது. டிராம் வண்டி மணி, பல் வைத்தியரின் நாற்காலி, எடைக்கற்கள், தெருவிளக்கு ஏற்றுகிறவரின் ஏணி, முதல் மேயர் உட்கார்ந்த நாற்காலி. அந்த நாற்காலி கொள்ளுகிற அளவுக்கு அதற்குப் பிறகு ஒரு மேயரும் வரவில்லை என்று எங்கள் வழிகாட்டி சொல்லுவார். எந்தக் கூட்டமாக இருந்தாலும் அந்த இடத்தில் சிரிப்பு உறுதி.

நான் பொறுப்பேற்றபோது ஒரு நாளில் வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மழைக்கு ஒதுங்கியவர்கள், போக இடமில்லாத காதலர்கள். வரி அலுவலகத்துக்கு இடம் போதவில்லை என்று கட்டடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொருள்களையெல்லாம் கிடங்கில் போடலாம் என்று பேச்சு. கிடங்குக்குப் போனது திரும்பி வராது என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் படம் கிடைத்தது. ஒரு செய்தித்தாளில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் இறந்துபோக, அவர் மனைவி வீட்டிலிருந்த நெகட்டிவ் பெட்டிகளை எங்களுக்கு அனுப்பிவைத்தார். பெரும்பாலும் திறப்பு விழாக்கள், ரிப்பன் வெட்டுகிற கைகள். நடுவில் ஓர் உறையில் பெருவெள்ளம் இருந்தது. நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த வருடம்.

மார்பளவு தண்ணீரில் ஓர் இளம்பெண். தோளில் குழந்தை. குழந்தை அவள் தலைமுடியை இரண்டு கையாலும் பற்றியிருக்கிறது. அவள் நடந்துகொண்டே முகத்தை மட்டும் திருப்பிப் பின்னால் பார்க்கிறாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

நெகட்டிவில் இடது ஓரத்தில் ஒரு வீட்டுச் சுவரும், ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடும் இருந்தன. சன்ஷேடில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். அந்த ஓரத்தை நான் எடுத்துவிட்டேன். மறைத்ததாக எழுத வேண்டாம். சுவரளவுக்குப் பெரிதாக்கும்போது எந்தப் படத்திலும் ஓரம் கொஞ்சம் போகத்தான் செய்யும். அவன் இருந்தால் பார்க்கிறவர்களின் கண் அவனிடம் போய்விடும். பிறகு பெண்ணைப் பார்க்க மாட்டார்கள்.

அவள் யார் என்று தெரியவில்லை. விசாரித்ததில் வெள்ளத்தில் படகு ஓட்டிய ஒரு முதியவர் கிடைத்தார். படத்தைக் காட்டினேன். "கொழந்தைய விட்டுட்டுத் திரும்பி உள்ள போயிருப்பா. அப்படி நெறையப் பேரு போனாங்க, வரல" என்றார். நான் கீழே எழுதினேன்: 'குழந்தையைக் கரைசேர்த்துவிட்டு, மற்றவர்களுக்காக மீண்டும் வெள்ளத்துக்குள் போனார். திரும்பவில்லை.' நான் பொய் எழுதவில்லை, மேடம். 'போயிருப்பா' என்று அவர் சொன்னதை 'போனார்' என்று எழுதினேன். ஒரு வினைச்சொல்லைத் திருத்தியதுதான் நான் செய்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூ கொண்டுவந்து படத்துக்கடியில் வைத்தார்கள். வெள்ளத்தில் போனவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி படம் மாட்டியிருந்த வெள்ளக் கூடத்தின் சுவரில் பதித்தோம். கட்டடத்தைக் கேட்ட வரி அலுவலகம் வேறு இடம் பார்த்துக்கொண்டது. நெகட்டிவ்களைக் கெடாமல் வைக்க ஒரு குளிர் அறை கட்டிக் கொடுத்தார்கள். கடைசியாக, பாலத்தருகே அவளுக்குச் சிலை என்று முடிவானது. ஒரு பெண்ணின் முகம் ஒரு கட்டடத்தையே தாங்கி நின்றது என்று நான் சொன்னால் அது மிகையில்லை.

எனக்கும் அந்த வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேற்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. நாங்கள் இருந்த வீட்டில் மேல்தளம் தையல்காரர் ஒருவருடையது. தண்ணீர் ஏறியபோது அம்மா என்னை மொட்டை மாடியில் அவரிடம் விட்டுவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார். தம்பி கைக்குழந்தை. தையல்காரர் ஊறிப்போன பிஸ்கட்டும் மழைத் தண்ணீரும் கொடுத்தார். இரண்டாம் நாள் இரவு அவர் அழுதார், நான் அழவில்லை. தண்ணீர் வடிந்ததும் அம்மா வந்து அழைத்துப் போனார். "சட்டை எங்கடா?" என்றுதான் முதலில் கேட்டார். நல்ல சட்டை அது. தைரியசாலிப் பிள்ளை, தனியாக இருந்துகொண்டான் என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவார். அம்மாமேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. இரண்டு பேரைத் தூக்க ஒருத்தியால் முடியாது என்பது கணக்கு. தம்பி வெளிநாடு போய்விட்டான். அம்மா கடைசிவரை என்னோடுதான் இருந்தார். போன வருடம் தவறினார்.

இனி அந்த அம்மாவிடம் வருகிறேன்.

மழைக்காலம் முடிந்திருந்தது. வெள்ளக் கூடத்தில் பெஞ்சில் ஒருவர் வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று காவலாளி வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். எழுபது தாண்டியவர். மடியில் துணிப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி. பிறகு கேட்டார்.

"இந்தப் படம் இவ்வளவுதானா, தம்பி?"

இத்தனை வருடத்தில் யாரும் கேட்டிராத கேள்வி. இவ்வளவுதான் அம்மா என்றேன். சரி என்று தலையாட்டினார். அடுத்த வாரம் திரும்பவும் வந்தார். அதற்கடுத்த வாரமும். எப்போதும் வியாழக்கிழமை. வந்து உட்காருவார், படத்தின் இடது பக்கத்தில் வெறும் சுவர் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் நானே அவரை என் அறைக்கு அழைத்துப்போய் டீ வரவழைத்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

"அது நான்தான், தம்பி" என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. இந்தக் கடை டீ நல்லா இருக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார்.

நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் டம்ளரிலிருந்து தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அது போதுமாயிருந்தது. அந்தக் கழுத்தை நான் தினமும் பார்க்கிறவன்.

"வீட்டுக்காரர் அப்ப வெளியூர்ல வேலையா இருந்தார். தண்ணி கட்டில் ஒசரம் வந்ததும் ரெண்டு பிள்ளைங்களோட வெளிய வந்துட்டேன். சின்னவ கையில. பெரியவன் என்னப் புடிச்சுக்கிட்டு. நாலு எட்டு வைக்கறதுக்குள்ள அவனுக்குக் கழுத்துக்கு வந்துடுச்சு. பெரியவன்னா என்ன பெரியவன், அஞ்சு வயசு. ரெண்டு பேரையும் தூக்கப் பாத்தேன், முடியல. அதான் அவன சன்ஷேடு மேல ஏத்தி விட்டேன். கொழாயக் கட்டிப் புடிச்சுக்கோ, பாப்பாவ அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன், நூறு வரைக்கும் எண்ணு, அதுக்குள்ள வந்துடுவேன்னு சொன்னேன்."

டீயைக் குடித்தார்.

"அவனுக்கு இருபது வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அது எனக்கு அப்புறமாத்தான் ஞாபகம் வந்துச்சு."

"திரும்பிப் போகலையா அம்மா?" என்று கேட்டேன்.

"எதிர் மாடியில ஒருத்தர் கேமராவோட நின்னாரு. அவர் பாத்துக்குவாருன்னு ஒரு தைரியம். இந்தப் பக்கம் வந்ததும் படகுல இழுத்துப் போட்டாங்க. ஒரு பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டாங்க. வெளிய விட மாட்டோம்னாங்க. கேட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "ரொம்பக் கேக்கல, தம்பி. சின்னவளுக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. அவள யாருகிட்டக் குடுத்துட்டுப் போறது. யாராவது கூட்டிட்டு வந்துருவாங்கன்னு நெனச்சேன். தண்ணி வடிஞ்சு போய்ப் பாத்தா வீடே இல்ல."

கணவரிடம் கை நழுவிவிட்டது என்று சொன்னாராம். "நழுவினா அது தண்ணியோட தப்பு ஆயிடுது பாருங்க" என்றார். மகளுக்கு இன்றுவரை அவ்வளவுதான் தெரியும். இறந்தவர்களின் பெயரைப் பதிய ஆட்கள் வந்தபோது பையன் பெயரை அவர் கொடுக்கவில்லை. கொடுத்தால் எப்படி என்று கேட்பார்களே என்ற பயம். கணவர் இருந்த ஊருக்கே போய்விட்டார்கள். அவர் காலமான பிறகு மகளுக்கு இந்த ஊருக்கு மாற்றலாகி, அவளோடு திரும்பி வந்திருக்கிறார். மகள் பஸ் கண்டக்டர். மகள் போகிற பஸ்ஸின் முதுகிலேயே இந்தப் படத்தோடு எங்கள் விளம்பரம் ஒட்டியிருந்திருக்கிறது.

"வேற போட்டோ கிடையாது. எல்லாம் தண்ணியோட போச்சு. அவன் மொகம் மறந்துபோச்சு, தம்பி. பொண்ணு மொகத்த வச்சு நெனச்சுப் பாக்கறேன், வரமாட்டேங்குது. அந்தப் பக்கம் அவன் இருப்பான். ஒரே ஒரு தடவை காட்டுங்க. அப்புறம் அந்தச் சுவத்துல ஒரு எடத்துல அவன் பேரையும் போட்டுடுங்க. என்னப் பத்தி ஒண்ணும் எழுத வேணாம்."

சிலையைப் பற்றிச் சொன்னேன். கூட்டம் வரும், மேயர் வருவார், இறந்துபோனவர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

"வைங்களேன். நான் வாயத் தொறக்க மாட்டேன். போனவ நல்லவ. நான் அவ இல்லைன்னு எனக்குத் தெரியாதா? பிள்ளைங்க பூ வைக்குதுங்க, வச்சுட்டுப் போகட்டும்."

இதை நான் மறைக்காமல் சொல்வதைக் கவனியுங்கள். அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். அவர் வார்த்தை தவறுகிறவராகவும் தெரியவில்லை. இருந்தாலும் பெயரைக் கல்லில் வெட்டினால் யார் இந்தப் பையன் என்று ஒருவர் கேட்பார். ஒன்று கேட்டால் இரண்டாவது கேள்வி தானாக வரும். ஊசி போகிற இடத்தில் நூலும் போகும். காப்பாட்சியர் என்பவர் பொருள் கெடுவதற்கு முன்னாலேயே யோசிக்க வேண்டும். கெட்ட பிறகு யோசிப்பதற்கு ஆள் தேவையில்லை.

அன்று அவரைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டேன். தூறல் விழுந்தது, குடை பிடித்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அதற்கடுத்த வாரம் சாவி வேறொருவரிடம் இருக்கிறது என்றேன். ஒவ்வொரு முறையும் "பரவால்ல தம்பி, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருடம் தள்ளிப்போட்டவர் ஒரு வாரத்துக்கு ஏன் அலட்டிக்கொள்ளப் போகிறார். அப்படி நினைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குளிர் அறையைப் பற்றி உங்கள் ஆட்கள் அளவெல்லாம் எடுத்திருப்பார்கள். கதவு கனமானது. தானாக மூடிக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்கிற பிடி பழுதாகி ரொம்ப நாளாயிற்று. சரி செய்யச் சொல்லியிருந்தோம். அதுவரைக்கும் உள்ளே போகிறவர்கள் கதவுக்கடியில் மரத்துண்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போவது வழக்கம். இந்த அலுவலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பேருக்கு ஆப்பு வைத்திருக்கிறார்கள், பிரயோஜனமான ஆப்பு இது ஒன்றுதான் என்று ஒளிப்படப் பிரிவில் இருக்கிற பெண் சொல்லுவாள். கெட்டிக்காரப் பெண். மறுநாள் அவள்தான் கதவைத் திறந்தாள். அவள் பார்த்திருக்க வேண்டாம். அது ஒன்றுதான் எனக்கு உறுத்தல்.

அந்த வியாழக்கிழமை அவர் தாமதமாக வந்தார். வழியில் பஸ் நின்றுவிட்டதாம். பார்வையாளர்கள் போய்விட்டார்கள். பணியாளர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குக் காட்டுகிறேன் என்றேன். அவர் உடனே எழவில்லை. முடியை ஒதுக்கிக்கொண்டார், முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரையோ பார்க்கப் போகிறவர் மாதிரி.

பைகளை உள்ளே எடுத்துப் போகக்கூடாது என்பது விதி. பையை என் மேசைமேல் வைத்தார். அவருடைய போன் அதில்தான் இருந்தது. நான் திட்டமிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் வந்தாலும் அதுதான் விதி. கதவருகில் எங்களுக்காகக் கம்பளிக் கோட்டு மாட்டியிருக்கும். "கொஞ்ச நேரந்தானே, வேணாம்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

விளக்குப் பெட்டி என்று ஒன்று உண்டு. மேலே கண்ணாடி, உள்ளே விளக்கு. நெகட்டிவை அதன்மேல் வைத்து, பெரிதாக்கிப் பார்க்கிற கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வெள்ளையெல்லாம் கருப்பா இருக்கே" என்றார். தண்ணீர் இது, உங்கள் முகம் இது, கருப்பாகத் தெரிவதை வெள்ளை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். தன் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. கண்ணாடியை மெல்ல இடது பக்கம் நகர்த்தினார். நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

வெகுநேரம் கழித்து, "கொழாயக் கட்டிப் புடிக்கல பாருங்க" என்றார். "ஒரு கையாலதான் புடிச்சிருக்கான்."

மற்றக் கையை அவன் முகத்துக்கு நேரே வைத்திருக்கிறான். விரல்கள் விரிந்திருக்கின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நான் முதல்நாளே பார்த்திருக்கிறேன். கையசைக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

"எண்ணிட்டு இருக்கான்" என்றார் அவர்.

அழவில்லை. குனிந்தபடியே இருந்தார். கண்ணாடி பனித்துப்போகப் போக முந்தானை முனையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். குளிரில் எனக்கே கை விறைக்க ஆரம்பித்தது. "நான் இன்னும் கொஞ்ச நேரம் இவனப் பாத்துட்டு இருக்கட்டுமா, தம்பி? உங்களுக்கு நேரமாச்சா?" என்று கேட்டார். நேரமெல்லாம் ஆகவில்லை, இருங்கள் அம்மா, நெகட்டிவை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள் என்று சொன்னேன்.

வெளியே வந்தேன். குனிந்து மரத்துண்டை எடுத்தேன். கதவு மூடிக்கொண்டது.

தட்டினாரா என்று கேட்டீர்கள். தட்டினார். முதலில் மெதுவாக, அடுத்த வீட்டுக்காரர் தூங்குகிறாரோ என்று தட்டுகிற மாதிரி. "தம்பி, கதவு சாத்திக்கிச்சு" என்றார். கனமான கதவு, குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. பிறகு கொஞ்சம் பலமாகத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டவில்லை. நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். தட்டுவது நின்றுபோன பிறகுதான் நகர்ந்தேன். விட்டுவிட்டு ஓடினேன் என்று சொல்வது சரியல்ல.

பையை, பார்வையாளர்கள் மறந்துவிட்டுப் போகிற பொருள்களை வைக்கும் அலமாரியில், அன்றைய தேதிச் சீட்டு ஒட்டி வைத்தேன். எல்லோரும் போய்விட்டார்கள் என்று காவலாளியிடம் சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம் வந்தது. வராமல் இருந்திருந்தால் உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. ஆனால் வந்தது.

மறுநாள் காலையில் வாசல் கதவு திறக்கிற நேரத்துக்கே மகள் வந்து நின்றாள். கண்டக்டர் சீருடை, தோளில் பை. இராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போயிருக்கிறாள். அம்மாவின் தலையணைக்கடியில் எங்கள் நுழைவுச்சீட்டுகள் இருந்தனவாம். "நூலகத்துக்குப் போறேன்னுதான் சொல்லுவாங்க, சார். இங்க எதுக்கு வந்தாங்கன்னே தெரியல. பாத்தீங்களா?" என்று போனில் படத்தைக் காட்டினாள். பார்த்த ஞாபகம் இல்லை, தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள் என்றேன். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். நாங்கள் நின்றது வெள்ளக் கூடத்து வாசலில். அவள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். தினமும் அவள் பஸ்ஸில் ஒட்டியிருக்கிற படம்தான், ஆனால் சுவரளவில் பார்த்ததில்லை.

"எங்கம்மாவும் என்ன இப்படித்தான் தூக்கிட்டு வந்தாங்களாம்" என்றாள். "அவங்கள யாரும் படம் எடுக்கல."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். நான் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் பழக்கதோஷத்தில் அம்மாவின் நம்பரை மறுபடி அழைத்தாள். என் முதுகுக்குப் பின்னால் அலமாரிக்குள் போன் அடித்தது. நன்றாகச் சத்தமாகத்தான் அடித்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, பையை அவளிடம் கொடுத்தேன். வேறு என்ன செய்வது. அதற்குள் உள்ளே ஒளிப்படப் பிரிவுப் பெண் போட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நெகட்டிவ் அவர் உடம்போடு, துணிக்குள்ளே இருந்ததாக அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். குளிர் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார். ஈரமும் வியர்வையும் பட்டால் அது உரிந்துபோகும்; தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இப்போது அது உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து காய்ந்த காகிதத்துக்கு நடுவில் வையுங்கள். வேறு பிரதி கிடையாது.

நேற்று மகள் இங்கே வந்திருந்தாள். நீங்கள்தான் ஐந்து நிமிடம் அனுமதித்தீர்கள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும்: படத்தில் இருப்பது யார், தோளில் இருப்பது யார், சன்ஷேடில் இருப்பது யார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. இரவெல்லாம் அழுத குரலில், "அண்ணன விட்டுட்டு வந்ததுக்கா?" என்று கேட்டாள். "அதுக்காகவா சார் எங்கம்மாவ..." என்று அதற்குமேல் முடிக்கவில்லை.

இல்லை என்றேன். அருங்காட்சியகம், சிலை, ஊருக்கு ஒரு நல்ல பெயர், உங்கள் அம்மாவின் மானம் என்று உங்களிடம் சொன்ன காரணங்களை அவளிடமும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல எனக்கே அவை வேறு யாரோ எழுதிக் கொடுத்தவை மாதிரிப் பட்டன. அதனால் கடைசியில் உள்ளதைச் சொன்னேன். உங்களிடமும் அதைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கதவுக்கு வெளியே நின்றபோது சிலையைப் பற்றிய நினைவே எனக்கில்லை. வருகிறேன் என்று சொன்ன ஒருவர் வராமல் போனால் உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்கும் ஒருமுறை தெரியட்டும் என்றுதான் நின்றேன். தெரிந்ததும் திறந்துவிடலாம் என்றிருந்தேன். எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த அம்மாவைக் கொன்றது நான்தான்.

கோபத்தில் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள், மேடம். எனக்குக் கோபம் வராது. வருகிறவனாக இருந்தால் என் அம்மாவிடம் காட்டியிருப்பேன் அல்லவா? அவரை நான் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, சுத்தமான படுக்கை. நான் வேலைக்குப் போகும்போது தனியாக எழுந்து நடந்து விழுந்துவிடக் கூடாதே என்று அவர் அறையை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவேன். ஆரம்பத்தில் கொஞ்ச நாள் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் பழகிவிட்டது.